நாற்பத்தோரு லாஜிக் புத்தகங்கள்

என் கையெழுத்து அழகாக இருந்தது. அதனால் வந்த வினை இது.

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே, பெங்களூர் ரோட்டை ஒட்டி இருந்த ஒரு சின்னக் கலைக் கல்லூரியில் நான் பி.ஏ. சரித்திரம் சேர்ந்தேன். ஓசூர் இந்தப் பக்கமே நிற்குமா, மைசூர் ராஜ்யத்தோடு போய்விடுமா என்று டீக்கடைகளில் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அதுவரை அந்தக் கல்லூரியில் பி.ஏ.வுக்கு முந்தைய இன்டர்மீடியட் மட்டும்தான் இருந்தது. எங்கள் பிரின்சிபால், பல்கலைக்கழகத்தின் அனுமதி எப்படியும் வந்துவிடும் என்ற நம்பிக்கையில், கடிதம் கைக்கு வருமுன்பே ஆனி மாதத்தில் பி.ஏ. வகுப்பைத் தொடங்கிவிட்டார். பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். பதினோரு பையன்கள், நான் ஒருத்தி.

பையன்களுக்கு ஒன்றும் கவலையில்லை. அனுமதி வராவிட்டால் சேலத்துக்கோ பெங்களூருக்கோ போய் ஹாஸ்டலில் சேர்ந்துகொள்வார்கள். எனக்கு அந்த வழி கிடையாது. அப்பா சூளகிரிப் பக்கத்தில் ராகியும் நிலக்கடலையும் பயிர் செய்துகொண்டிருந்தார். காலையில் பஸ் ஏறிப் பொழுதோடு திரும்பிவிடலாம் என்பதால்தான் என்னைச் சேர்க்கவே சம்மதித்தார். சேர்த்த அன்றே சொல்லிவிட்டார்.

"அந்தக் காலேஜ் நடக்கற வரைக்கும் படி. நின்னுபோச்சுன்னா ஊட்டுக்கு வந்துரு. வெளியூர்ல தங்கிப் படிக்கற வேலையெல்லாம் நம்மகிட்ட ஆவாது."

அவர் ஆவாது என்றால் ஆவாதுதான். ஆகவே அந்த அனுமதிக் கடிதத்தில் என் தலையெழுத்தும் சேர்ந்து கிடந்தது. தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் அவர் பையை எட்டிப் பார்ப்பேன்.

ஐப்பசியில் பல்கலைக்கழகத்திலிருந்து கமிஷன் வருகிறது என்று தகவல் வந்தது. மூன்று பேராசிரியர்கள் நேரில் வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார்கள். கட்டிடம் பரவாயில்லை, வாத்தியார்களும் பரவாயில்லை. லைப்ரரிதான் உதைத்தது. பி.ஏ. வகுப்புக்கு ஏற்ற மாதிரி சரித்திரம், பொருளாதாரம், தத்துவம் என்று விதவிதமான புத்தகங்கள் வேண்டும். எங்களிடம் இருந்தவை இரண்டு பீரோக்கள். அதில் ஒன்றில் வாலிபால் வலையும் கிழிந்த பந்துகளும் இருந்தன.

கல்லூரியை நடத்திய டிரஸ்ட்டில் கேட்டால் கையை விரித்துவிட்டார்கள். பிரின்சிபால் என்ன செய்வார், பழைய மாணவர்களுக்கு எழுதினார். ஊர் ஊராக அவர்கள் இருந்தார்கள். கிராமக் கர்ணமாக, ஸ்டேஷன் குமாஸ்தாவாக, பட்டுநூல் வியாபாரியாக, பர்கூரில் மளிகைக்கடை முதலாளியாக. பெரிய மனுஷர்கள் என்று சொல்ல யாரும் இல்லை. 'நீங்கள் படித்த கல்லூரி இது. தங்களிடம் உள்ள நல்ல புத்தகம் ஒன்றைக் கொடுத்து உதவுங்கள்' என்று அச்சடித்து அனுப்பினார்.

ஒருத்தர் பாக்கியில்லாமல் அனுப்பினார்கள் என்றுதான் சொல்லவேண்டும். பஸ் கூரையில் மூட்டையாக வந்தது. மாங்கூடையில் வைக்கோல் போட்டு வந்தது. ஜூஜுவாடியிலிருந்து ஒருவர் வண்டி கட்டிக்கொண்டு தானே வந்து இறக்கினார். பல புத்தகங்களில் நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்திருந்தது. கூடவே கடிதங்கள், தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும். எங்கள் பிரின்சிபால் கன்னடம் பேசுகிறவர். தங்கமான மனுஷர், யாரிடமும் முகத்துக்கு நேரே கடிந்து பேசத் தெரியாதவர். மூட்டைகளைப் பார்த்து அவர் கண் கலங்கிவிட்டது.

லைப்ரேரியன் மூட்டையைப் பிரித்தார். நான் உதவிக்குப் போயிருந்தேன். முதல் புத்தகம் லாஜிக். இரண்டாவதும் லாஜிக். மூன்றாவது ஓர் இங்கிலீஷ் உரைநடைத் தொகுப்பு. நாலாவது மறுபடியும் லாஜிக்.

"இதென்னம்மா, ஒரே லாஜிக்கா வருது," என்றார் அவர், மூக்குப்பொடியை உதறிக்கொண்டே.

எனக்குப் புரிந்துவிட்டது. தலையில் கல் விழுந்தது போல இருந்தது. அந்தக் கல்லூரியில் பதினைந்து வருஷமாக இன்டர்மீடியட்டுக்கு ஒரே லாஜிக் புத்தகம்தான் பாடம். ஒரே உரைநடைத் தொகுப்புதான். படித்துப்போனவர்கள் வீட்டில் வேறென்ன புத்தகம் இருக்கும்? 'தங்களிடம் உள்ள நல்ல புத்தகம்' என்று கேட்டால் அதைத்தானே எடுத்துக் கொடுப்பார்கள்? கடையில் வாங்கி அனுப்ப வசதி உள்ளவர்கள்கூட வாங்கி அனுப்பவில்லை. தான் தொட்டுப் படித்ததைக் கொடுத்தால்தான் கொடுத்த மாதிரி என்று அவர்களுக்கு எண்ணம். மொத்தத்தில் நாற்பத்தோரு லாஜிக், அதற்குச் சற்றுக் குறைவாக உரைநடை, மிச்சம் கொஞ்சம் அல்ஜீப்ரா. சரித்திரம் என்று தேடினால் நாலு புத்தகம். கமிஷன் வர எட்டு நாள்தான் இருந்தது.

பிரவுன் பேப்பர் யோசனை லைப்ரேரியனுடையது. எல்லாப் புத்தகத்துக்கும் அட்டை போட்டுவிடலாம், முதுகில் வேறு வேறு தலைப்பு எழுதிவிடலாம், வருகிறவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்றார். பிரின்சிபாலிடம் சொன்னபோது அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அது போதாதா?

தலைப்புகளை எழுதியது நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. சனி ஞாயிறு இரண்டு பகலும் உட்கார்ந்து, பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிரேக்க நாட்டு வரலாறு, ரோமாபுரியின் வீழ்ச்சி, இங்கிலாந்தின் அரசியல் சட்டம் என்று இங்கிலீஷில் அச்சு மாதிரி எழுதித் தள்ளினேன். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் கொடுத்தவர் பெயரும் ஊரும் இருந்தன. அதையெல்லாம் நான் படிக்கவில்லை. படித்தால் கை ஓடாது என்று தெரியும். என் படிப்பு நிற்கக்கூடாது, அவ்வளவுதான் அப்போது எனக்கு. எழுதி முடித்து அடுக்கியபோது பெருமையாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு.

கமிஷன் வந்த அன்று காலையிலேயே இன்னொருவரும் வந்தார். காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்து ஊரில் எலிமெண்டரி ஸ்கூல் வாத்தியார். முப்பது வயதிருக்கும். சலவை வேட்டி, காலர் நைந்த சட்டை. லைப்ரரி வாசலில் என்னைப் பார்த்து, "ஏம்மா, பழைய ஸ்டூடண்டுங்க குடுத்த பொஸ்தகமெல்லாம் இங்கதான வெச்சிருக்குது?" என்று கேட்டார்.

"ஆமாம் சார்."

"நானும் ஒண்ணு அனுப்பிச்சன். கிருஷ்ணகிரியில ஆபீஸ் வேலையா வந்தன், அப்படியே ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு. எங்கூட்ல இருந்தது அது ஒண்ணுதான். குடுக்கறப்ப எம் பொண்டாட்டி சண்டைக்கு வந்துட்டா." சிரித்தார். "எங்க தெருவுல காலேஜ் வாசப்படி மிதிச்சது நான் ஒருத்தன்தான். அந்தப் பொஸ்தகத்தக் காட்டித்தான் எங்கப்பன் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சாரு."

"இன்னிக்கு ஆளுங்க வராங்க சார், நாளைக்கு வாங்களேன்," என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குள் பிரின்சிபால் அறைப் பக்கமிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. கமிஷன் வந்துகொண்டிருந்தது. வாத்தியார் மரியாதையாக ஓர் ஓரமாக ஒதுங்கி, அவர்கள் பின்னாலேயே உள்ளே நுழைந்துவிட்டார்.

கமிஷன் தலைவர் வயதானவர், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. பீரோக்களைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே நடந்தார். "பரவாயில்லையே, இவ்வளவும் பழைய மாணவர்கள் கொடுத்ததா?" என்றார். பிரின்சிபால் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. லைப்ரேரியன் சாவிக்கொத்தை வேட்டியில் செருகி மறைத்துக்கொண்டார். கமிஷனின் மற்ற இரண்டு பேரும் வெளியே கிளம்பக்கூடத் திரும்பிவிட்டார்கள். இன்னும் ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் போயிருந்தால் தீர்ந்தது.

பீரோக்களில் இடம் போதாமல் மிச்சத்தை அடுக்கிய கடைசி அலமாரிக்குக் கதவு கிடையாது. அங்கே நின்றிருந்த வாத்தியார் கையை நீட்டி ஒரு புத்தகத்தை உருவினார். எங்கள் கல்லூரிப் பையன்கள் ஹாஸ்டலில் புத்தகம் மாறிப்போகாமலிருக்க, பக்கங்களின் விளிம்பில் மையால் அடையாளம் போடுவார்கள். அதில் மூன்று நீலக் கோடுகள் இருந்தன. அட்டை போட்டாலும் விளிம்பு தெரியுமே, அது எங்கள் மரமண்டைகளுக்குத் தோன்றவில்லை. அவர் கோடுகளை விரலால் தடவினார். பிறகு முதுகைத் திருப்பி நான் எழுதியதைப் படித்தார். கிரேக்க நாட்டு வரலாறு. மறுபடியும் படித்தார். அலமாரியின் மற்ற புத்தகங்களைப் பார்த்தார். பிரின்சிபாலைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

தலைவர் திரும்பினார். "நீங்கள் யார்?"

"பழைய ஸ்டூடண்டுங்க சார். பொஸ்தகம் குடுத்திருந்தன்."

"அப்படியா, நல்லது. அதுதான் உங்கள் புத்தகமா?" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்.

வாத்தியார் கொடுக்கவில்லை. புத்தகத்தை மார்போடு வைத்துக்கொண்டார். ரோட்டில் ஒரு லாரி போய் மறைந்தது.

"இல்லைங்க சார்," என்றார். "இது என்னுது இல்ல. என்னுது யாரோ படிக்க எடுத்துக்கினு போயிருப்பாங்களாட்டம் இருக்குது."

சொல்லிவிட்டு அட்டையைத் துண்டு நுனியால் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். இரண்டு கையாலும் வைத்தார். தலைவர் திருப்தியாகத் தலையசைத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார். லைப்ரேரியன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நான் பிழைத்துவிட்டேன். பி.ஏ. என் கையில் வந்துவிட்டது. வாத்தியார் காது நுனி வரை சிவந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. யார்மேல் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவரைப் பொய் சொல்ல வைத்தோமே என்று எங்கள்மேல் பாதி. இப்படி ஒரு வார்த்தையில் விட்டுக்கொடுத்துவிட்டாரே என்று அவர்மேல் பாதி. என் வாய் எப்போதுமே எனக்கு அடங்காது.

"சார், அது அவருடையதுதான்," என்றேன். "உள்ளே இருப்பது லாஜிக். வெளியே எழுதினது நான்."

தலைவர் நின்றார். திரும்பி வந்து புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைப் பிரித்தார். பெயர், ஊர், வகுப்பு, எல்லாம் இங்கிலீஷில் பொடி எழுத்தில் இருந்தன. அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். லாஜிக். அடுத்தது. லாஜிக். பிரவுன் பேப்பர் சரசரக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஏழெட்டுப் புத்தகம் பார்த்திருப்பார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"இத்தனை பேர் ஒரே புத்தகத்தை இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தார்களா," என்றார். பிறகு பிரின்சிபாலிடம், "ஆனால் இதை லைப்ரரி என்று நான் எழுத முடியாது," என்றார். என் பக்கம் திரும்பி, "எந்த வகுப்பு?" என்று கேட்டார்.

"பி.ஏ. சரித்திரம்."

மூன்று பேரும் சாப்பிடாமல் போனார்கள். அவர்களுக்கென்று போட்ட இலைகள் தண்ணீர் தெளித்தபடி கிடந்தன. திரும்பிப் பார்த்தபோது வாத்தியாரும் போய்விட்டிருந்தார்.

அனுமதி வரவில்லை. பி.ஏ. வகுப்பை மூடினார்கள். பையன்கள் சர்ட்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு சேலத்துக்குப் போனார்கள். போகும்போது ஒருவன், "உன் வாய்க்கு ஒரு அட்டை போட்டிருக்கணும்," என்றான். லைப்ரேரியன் என் முகத்தையே பார்க்கவில்லை. பிரின்சிபால் மட்டும், "நான்தானம்மா வேண்டாம்னு சொல்லியிருக்கணும்," என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்தேன். அப்பா நடந்ததைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காலேஜ் நின்றுபோயிற்று, அவருக்கு அது போதும். தை பிறந்ததும் ஜாதகத்தை எடுத்து வெளியில் வைத்தார்கள். ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து பார்த்துவிட்டுப் போனது. பையனுக்கு மூக்கு பெரிசு என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். அடுத்த மூக்குக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தேன்.

மாசியில் லைப்ரேரியன் பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் ஒரு கட்டு போஸ்ட் கார்டு. கமிஷன் தலைவர், இருக்கவேண்டிய புத்தகங்களின் பட்டியலைத் தானே எழுதி அனுப்பியிருந்தாராம். பிரின்சிபால் பழைய மாணவர்களுக்கு மறுபடி எழுதப் போகிறார். இந்தத் தடவை ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு தலைப்பு. உங்களால் வரவேண்டியது இந்தப் புத்தகம், இது மட்டும், என்று. எழுத ஆள் வேண்டும்.

"இதுக்கும் நான்தானா? வேற ஆளே கெடைக்கலயா?" என்று எரிந்து விழுந்தேன்.

"உன் கையெழுத்து வராது மத்தவங்களுக்கு," என்றார் அவர் தரையைப் பார்த்துக்கொண்டே.

திட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டேன். தினமும் பத்து கார்டு. அதே தலைப்புகள்தான், நான் முன்பு பொய்யாக எழுதியவை. இப்போது கொடுக்கிறவர் பெயரைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். பர்கூர் மளிகைக்கடைக்காரருக்குப் பொருளாதாரம். ஸ்டேஷன் குமாஸ்தாவுக்கு இங்கிலாந்து. அந்தக் கார்டுகளால்தான் அடுத்த வருஷம் அனுமதி கிடைத்தது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் கல்லூரிக்கு அனுமதி கிடைப்பது வேறு, எனக்குக் கிடைப்பது வேறு. "நின்னுபோன காலேஜுக்கு என்ன இன்னும் எழுத்து வேல?" என்று அப்பா முறைத்துக்கொண்டிருந்தார்.

காவேரிப்பட்டினத்து வாத்தியாருக்கு மட்டும் நான் கார்டு எழுதவில்லை. பழைய மாணவர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. வீட்டில் இருந்த ஒன்றையும் கொடுத்துவிட்டவரிடம் இன்னும் எதைக் கேட்பது? அதோடு எனக்கு அந்த விலாசத்தை எழுதத் தைரியம் இல்லை.

பங்குனியில் ஒரு நாள் சாயங்காலம் அவரே வந்து வாசலில் நின்றார். கல்லூரியில் கேட்டு, ஊர் கேட்டு, பஸ் பிடித்து வந்திருந்தார். களத்தில் கடலைச் செடி அடித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"யாருப்பா? எந்த ஊரு?"

அவர் ஊரைச் சொன்னார். வாசல் புளியமரத்தடியிலேயே நின்றார், கிட்டே வரவில்லை. எந்தத் தெருக்காரர் என்று அப்பாவுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. அந்த மாதிரித் தெருவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கூலிக்கு வருவார்கள். வேறு எதற்கும் வந்ததில்லை. நான் உள்ளேயிருந்து வாசலுக்கு வந்து நின்றேன்.

"ஒரு நாயம் கேக்க வந்தனுங்க ஐயா," என்றார். "பழைய ஸ்டூடண்டு எல்லார்க்கும் கார்டு போயிருக்குது. எனக்கு மட்டும் வரல. எழுதினது உங்க பொண்ணுன்னு சொன்னாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒருநாளும் இல்லாத அதிசயம்.

"விட்டுப்போயிருக்கும், அதுக்கா இவ்ளோ தூரம்?" என்றார் அப்பா.

"விட்டுப்போவலைங்க. பாவம் பாத்து விட்டிருக்குது." அவருக்குக் குரல் உயரவில்லை, ஆனால் கோபம் இருந்தது. "நான் அங்க படிச்சவன். குடுக்கறதுல எனக்கும் பங்கு உண்டு." பிறகு அவர் அந்த நாளைப் பற்றிச் சொன்னார். அட்டையை, மூன்று நீலக் கோடுகளை, தலைவரை, எல்லாவற்றையும். அப்பா கையிலிருந்த தடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அவளால்தான் அந்தக் காலேஜ் நின்றது என்று கடைசியில் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"என் பொஸ்தகத்த என் கையில வெச்சுக்கினே, என்னுது இல்லன்னு நான் சொல்லிட்டனுங்க," என்றார். "பெரியவங்க இருந்தாங்க, பயந்துட்டன். அது அவருதுன்னு சொன்னது இந்தப் பொண்ணு ஒண்ணுதான். தம் படிப்பு போயிரும்னு தெரிஞ்சே சொல்லுச்சு."

வேலையாட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா தானே உள்ளே போய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து புளியமரத்தடியில் போட்டார். "உக்காருங்க வாத்தியாரே," என்றார். அவர் உட்காரத் தயங்கினார். அப்பா மறுபடியும் சொன்ன பிறகு உட்கார்ந்தார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "அவருக்கு ஒரு கார்டு எழுதிக் குடு."

"என்ன பொஸ்தகம் எழுதறதுப்பா?" என்றேன்.

"வர்ற வருஷம் நீ படிக்கப் போறதாப் பாத்து எழுது," என்றார். தடியை எடுத்துக்கொண்டு களத்துக்குத் திரும்பிப் போனார்.

அடித்துத் திருத்தி முதல் கார்டைப் பாழாக்கினேன். இரண்டாவது கார்டில் எழுதி, அதை வாத்தியாரிடம் இரண்டு கையாலும் கொடுத்தேன்.